எளிய பந்து ஏன் தவறுகிறது? பூல் மேசையில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் விழவைக்கும் பூல் ஆட்டத்தைப் பெரும்பாலும் கடினமான பந்துகளால் தோற்பதில்லை. பாக்கெட்டுக்கு நேர் எதிரே, குறுக்கே எதுவும் இல்லாமல் நிற்கும் பந்து தவறும்போதுதான் ஆட்டம் கைமாறுகிறது. உடனே அருகிலிருப்பவர் "கவனம் போதவில்லை" என்பார். ஆடியவரும் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். இந்தத் தீர்ப்பால் யாருக்கும் பயனில்லை. காய்ச்சல் என்று சொன்னால் மட்டும் என்ன நோய் என்று தெரிந்துவிடாது, இதுவும் அப்படித்தான்.

கவனம் என்பது சில வேலைகளை அவற்றின் வரிசைப்படி முடிப்பது. எந்தப் பாக்கெட், எவ்வளவு வேகம், வெள்ளைப் பந்து எங்கே போக வேண்டும் என்பதை நின்றபடியே தீர்மானிக்க வேண்டும். குனிந்த பிறகு கண்ணை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். பந்து போய்ச் சேரும் வரை உடல் அசையாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது விடுபட்டது என்பதைப் பந்து தவறிய விதமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே காரணத்தைத் தேடுவதற்கு முன் அறிகுறியைப் பார்ப்போம்.

தவறியவுடன் பார்க்க வேண்டியவை

பந்து தவறியதும் நிமிராதீர்கள். அப்படியே குனிந்த நிலையில் மூன்றைக் கவனியுங்கள். பந்து பாக்கெட்டின் எந்தப் பக்க விளிம்பில் பட்டது? க்யூவின் (அடிக்கும் கோலின்) டிப், அதாவது நுனி, இப்போது எங்கே நிற்கிறது: குறிபார்த்த கோட்டிலேயே முன்னால் நிற்கிறதா, பக்கவாட்டில் விலகியிருக்கிறதா? வெள்ளைப் பந்து நினைத்த இடத்துக்குப் போனதா? நிமிர்ந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்குரிய தடயம் அழிந்துவிடும்.

பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். போட்டி மேசைகளில் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 114 மில்லிமீட்டர், அதாவது இரண்டு பந்தின் அகலம். பார்வைக்குத் தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் இலக்குப் பந்து (பாக்கெட்டில் போட வேண்டிய பந்து) பாக்கெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும்போது, வெள்ளைப் பந்து அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகிப் பட்டாலே இலக்குப் பந்தின் பாதை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி திரும்பிவிடும். பாக்கெட்டை அடையும்போது அது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு உள்ள இடமோ 28 மில்லிமீட்டர்தான். நாம் "எளிது" என்று அலட்சியமாக அடிக்கும் பந்துகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

அறிகுறி: வெள்ளைப் பந்து அழகாகப் போய் நின்றது, பந்து மட்டும் விழவில்லை

ஓரளவு நன்றாக ஆடத் தெரிந்தவர்களிடம் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். ஆடும் திறன் வளர வளர இது கூடும், குறையாது. தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பந்தைப் போடுவது ஒன்றே குறி. பொசிஷன், அதாவது அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது, கற்றுக்கொண்டவருக்கோ அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடிக்கும் நொடியில் அவர் மனத்தால் அடுத்த பந்தின் அருகே போய் நின்றுவிட்டார். கண்ணும் கடைசி நேரத்தில் இலக்குப் பந்தை விட்டு, வெள்ளைப் பந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நழுவியிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பொசிஷனுக்காக வெள்ளைப் பந்தை வலதுபுறமோ இடதுபுறமோ அடித்துச் சைடு, அதாவது பக்கச் சுழற்சி, கொடுக்கிறோம். வலதுபுறம் அடித்தால் வெள்ளைப் பந்து புறப்படும்போதே சற்று இடப்பக்கம் விலகும். மெதுவாக அடித்தாலோ க்யூவின் பின்பக்கம் உயர்ந்திருந்தாலோ போகும் வழியில் வளைந்து மீண்டும் வலப்பக்கம் வரும். இலக்குப் பந்தில் படும்போது அந்தச் சுழற்சி அதையும் கொஞ்சம் தள்ளிவிடும். நேராகப் போட்டால் விழுந்துவிடும் பந்துக்கு இத்தனை கணக்குகளை நாமே வலிந்து ஏற்றுகிறோம். சைடு கொடுத்த ஷாட்களில் பாதிக்கு மேல் அது தேவையே இல்லாதது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளைப் பந்தின் நடுக்கோட்டிலேயே மேலாகவோ கீழாகவோ அடித்து வேகத்தை மட்டும் மாற்றினால், அடுத்த பந்துக்கு வேண்டிய இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியது: பொசிஷன் பற்றிய முடிவு முழுவதையும் நின்றபடியே முடித்துவிடுங்கள். வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தைக் கண்ணால் ஒருமுறை தொட்டுவிட்டு, அந்தப் பக்கத்துக்கு முழுக்குப் போட்டுவிடுங்கள். குனிந்த பிறகு அங்கே திரும்பிப் பார்க்கக் கூடாது. குனிந்தபின் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இலக்குப் பந்தின் எந்தப் புள்ளியில் பட வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கண். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், அசைவு தொடங்குவதற்குச் சற்று முன் கண் இலக்கில் நிலைத்து நிற்கும் அந்த இறுதிப் பார்வையை 1990-களிலிருந்து ஆராய்ந்துவந்தவர். அதற்கு "அமைதியான கண்" என்று பெயர். 2002-இல் வில்லியம்ஸ், சிங்கர், ஃப்ரேலிக் ஆகியோர் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களிடம் இதையே அளந்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் கடைசிப் பார்வை மற்றவர்களுடையதைவிட நீடித்திருந்தது. பந்து விழுந்த ஷாட்களில் அது தவறிய ஷாட்களைவிட நீண்டிருந்தது. எளிய பந்தில் நாம் முதலில் வெட்டிச் சுருக்குவது இந்தப் பார்வையைத்தான்.

பழக்கிக்கொள்வதற்கான முறை இது. ஒத்திகை வீச்சுகளின்போது கண் வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் இடையே போய்வரலாம். கடைசி வீச்சுக்கு முன் டிப்பை வெள்ளைப் பந்தின் அருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கே கை நிற்கும்போது கண்ணை இலக்குப் பந்தில் பட வேண்டிய புள்ளிக்கு நகர்த்தி, மனத்துக்குள் ஒரு சொல் சொல்லும் நேரம் அங்கேயே வைத்திருங்கள். பிறகு க்யூவைப் பின்னால் இழுங்கள். இழுக்கும்போதும் அடிக்கும்போதும் கண் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. முதல் சில நாட்கள் இது ஆட்டத்தை மந்தமாக்குவதாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அடித்து முடிக்கும்போது தலை எழும்பியிருக்கிறது

"பந்தை அடித்த பிறகுதானே நிமிர்ந்தேன், அதனால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதன்பின் நீங்கள் என்ன செய்தாலும் பந்துக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் நிமிர்வது அதன்பின் தொடங்குவதில்லை. டிப் பந்தை எட்டுவதற்கு முன்பே தோள் இறுகி, முழங்கை சரிந்து, க்யூ கோட்டை விட்டு விலகத் தொடங்கியிருக்கும். தலை எழும்புவது கடைசியாகக் கண்ணில் படும் அடையாளம் மட்டுமே.

விளைவைப் பார்க்கும் அவசரம்தான் இதற்குக் காரணம். அந்த அவசரத்துக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். இலக்குப் பந்து பாக்கெட்டுக்குள் விழும் ஓசை கேட்கும் வரை, அல்லது அது குஷனில் (மேசையின் ஓரத் தடுப்பில்) பட்டுத் திரும்பும் வரை, தாடையை க்யூவுக்கு மேலேயே வைத்திருங்கள். பயிற்சியில் இன்னும் கடுமையாக இருக்கலாம்: வெள்ளைப் பந்து முழுவதும் நின்ற பிறகே எழுவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் மோதிவரும் பாதையில் நீங்கள் நின்றால் மட்டும் இதற்கு விலக்கு.

அறிகுறி: பாக்கெட்டின் வாயிலேயே தொங்கும் பந்து தவறுகிறது, அல்லது வெள்ளைப் பந்தும் சேர்ந்து உள்ளே போகிறது

இங்கே நுட்பக் கோளாறு எதுவும் இல்லை. நடந்துகொண்டே அடித்திருப்பீர்கள். ஒரு கையால் மேசையில் சாய்ந்து, பிரிட்ஜ் கை (மேசையில் ஊன்றி க்யூவைத் தாங்கும் கை) சரியாக ஊன்றாமல், டிப்பில் சாக் (வழுக்காமலிருக்கப் பூசும் தூள்) கூடப் போடாமல் அடித்திருப்பீர்கள். கடினமான பந்துக்கு ஒரு நடைமுறை, எளிய பந்துக்கு நடைமுறையே வேண்டாம் என்று வைத்திருப்பவர்களுக்கு வரும் கேடு இது. ஷாட்டின் பின்னால் நிற்பது, கோட்டில் காலடி வைப்பது, குனிவது, நிறுத்துவது, அடிப்பது என்ற வரிசை எல்லாப் பந்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தொங்கும் பந்தின் உண்மையான கேள்வி வெள்ளைப் பந்து எங்கே போகும் என்பதுதான் என்பதால், நின்றபடி யோசிக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

அறிகுறி: குனிந்த பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது, ஆனாலும் அடித்துவிடுகிறேன்

எழுந்துவிடுங்கள். இதற்கு வேறு மருந்து கிடையாது. குனிந்தபடியே குறியை நகர்த்தும்போது பலர் கையை மட்டும் திருப்புகிறார்கள். கால்களும் தோளும் பழைய கோட்டிலேயே இருக்கின்றன. க்யூ ஒரு திசையைக் காட்ட, உடல் இன்னொரு திசையில் வீசும். எழுந்து, ஓரடி பின்வாங்கி, கோட்டை மறுபடி பார்த்துவிட்டு இறங்குங்கள். எதிராளி காத்திருக்கிறாரே என்ற கூச்சம் வேண்டாம். நேரக் கட்டுப்பாடு உள்ள போட்டியிலும் ஒருமுறை எழுந்து இறங்குவதற்குப் பெரும்பாலும் நேரம் இருக்கும்.

அறிகுறி: எப்போதும் ஒரே பக்கம் தவறுகிறது

இதைக் கவனக் குறைவின் தலையில் கட்டாதீர்கள். சிதறிய கவனம் பந்தை இருபுறமும் சிதறடிக்கும். ஒரே பக்கம் தவறினால் அது அமைப்புக் கோளாறு, தேடினால் அகப்படும்.

முதலில் வீச்சைச் சோதியுங்கள். வேறு பந்துகள் இல்லாத மேசையில் வெள்ளைப் பந்தை நீளவாக்கில் நடுக்கோட்டில் வைத்து, எதிர்க் குஷனில் பட்டு நேராகத் திரும்பி வருமாறு அடியுங்கள். வீச்சு முடிந்த இடத்தில் க்யூவை அசைக்காமல் வைத்திருந்தால் திரும்பி வரும் பந்து டிப்பின்மேலேயே மோத வேண்டும். தொடர்ந்து ஒரே பக்கமாக விலகி வந்தால், நடுவில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஓரத்தில் அடிக்கிறீர்கள்.

வீச்சு சரியாக இருந்தால் பார்வையைச் சோதியுங்கள். க்யூ முகத்துக்குக் கீழே எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு வலக் கண்ணுக்கு நேர் கீழே, சிலருக்கு இடக் கண்ணுக்கு, சிலருக்கு இரண்டுக்கும் நடுவில். எங்கே இருந்தால் நேர்க்கோடு நேராகத் தெரிகிறதோ அதுவே உங்கள் இடம். களைப்பிலோ அவசரத்திலோ தலை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் நேரான ஷாட் கோணலாகத் தோன்றும். கைப்பேசியை எதிர்ப்பக்கக் குஷனில் சாய்த்து வைத்து உங்களையே முன்பக்கமிருந்து படம் எடுத்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது ஒன்று உண்டு, பலரும் அறியாதது. கட் ஷாட்டில், அதாவது இலக்குப் பந்தை நேராக மோதாமல் வெட்டிக் கோணத்தில் அனுப்பும் அடியில், இரு பந்துகளும் உரசும்போது, உராய்வு இலக்குப் பந்தை வெள்ளைப் பந்து போகும் திசையில் சற்றே இழுத்துவிடும். அதனால் வெட்டு போதாமல் பந்து நிறையப் பட்டதுபோல் தவறும். மெதுவாக, சுழற்சியின்றி வழுக்கிச் செல்லும் வெள்ளைப் பந்து ஏறத்தாழப் பாதியளவு படும்போது இது மிக அதிகம். மென்மையாகத் தட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் அதே எளிய பந்துகள்தாம் இவை. கொஞ்சம் மெல்லியதாக, அதாவது இலக்குப் பந்தின் ஓரத்தை ஒட்டிக் குறிபாருங்கள். அல்லது வெள்ளைப் பந்தின் மேற்பகுதியில் அடித்து உருளவிடுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

அறிகுறி: கடைசிப் பந்து, ஜெயிக்க வேண்டிய பந்து, அதில்தான் கை ஆடுகிறது

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நேர்வது இது. பக்கத்து ஆட்டமான ஸ்னூக்கரில் இரண்டு நிகழ்வுகள் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. 1985 உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் 8–0 என்று முன்னிலை பெற்றிருந்த ஸ்டீவ் டேவிஸ், 17–17 என்று வந்து நின்ற கடைசி ஃப்ரேமின் (சுற்றின்) கடைசிக் கறுப்புப் பந்தை வேண்டியதைவிட மெல்லியதாக வெட்டிவிட்டார். டெனிஸ் டெய்லர் அதைப் போட்டுப் பட்டம் வென்றார். 2000 மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தில் கென் டோஹெர்ட்டி, 147 என்ற முழு எண்ணிக்கைக்கு ஒரே ஒரு கறுப்புப் பந்து பாக்கி என்ற நிலையில், தனக்குரிய இடத்தில் நின்ற அந்தப் பந்தைத் தவறவிட்டார். அதற்கு முன் வரிசையாக 140 புள்ளிகள் எடுத்தவருக்கு அந்தப் பந்தைப் போடத் தெரியாமல் இல்லை.

நெருக்கடியில் என்ன மாறுகிறது என்பதை யாராவது கடைசிப் பந்தை அடிக்கும்போது பின்கையை மட்டும் பார்த்தால் புரியும். ஒத்திகை வீச்சுகளில் க்யூ விரல்களில் தளர்வாக ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். கடைசி வீச்சு முன்னே வரும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் சட்டென்று மூடும். க்யூவின் அடிப்பகுதி உள்ளங்கைக்குள் ஏறி, சிறிது திரும்பும். மணிக்கட்டு உள்ளே மடியும். முன்னால் டிப் ஓரிரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதோடு வேகமும் பாதி வழியில் செத்துவிடும். பந்தை அடிப்பதற்குப் பதில் தள்ளுவதுபோல் ஆகிவிடும்.

"தவறவிடாதே" என்று தனக்குள் சொல்லிக்கொள்வது நிலைமையை மோசமாக்கும். டேனியல் வெக்னரும் உடனாய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட சோதனையில், கோல்ஃப் பந்தைக் குறியைத் தாண்டி அடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டவர்கள், மனத்தில் வேறொரு சுமையும் இருந்தபோது, தாண்டியே அடித்தார்கள். தவிர்க்க நினைத்ததையே மனம் காவல் காக்கிறது. மறுபுறம், நெருக்கடியில் தன் கை, தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாகக் கண்காணிக்கத் தொடங்கினாலும் பழகிய அசைவு குலையும். ராய் பாமைஸ்டர் 1984-இல் இதைச் சோதனைகளில் காட்டினார். ஆகவே "எதையும் நினைக்காதே" என்ற அறிவுரையும் பலன் தராது, "எல்லாவற்றையும் சரியாகச் செய்" என்பதும் பலன் தராது.

பலன் தருவது செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுப்பது. "அந்தப் புள்ளி" என்று சொல்லிக் கண்ணை அங்கே நிறுத்துங்கள். குனிவதற்கு முன் ஒரு நீண்ட மூச்சை வெளியே விடுங்கள். பின்கை தானாகத் தளரும். பின்வீச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போது முன்னே வரும்போது வேகத்தைத் தடுக்க வேண்டிய தேவை வராது. கடைசிப் பந்தை மற்றவற்றைவிட மெதுவாக அணுகாதீர்கள், வேகமாகவும் அணுகாதீர்கள். இரண்டு ஒத்திகை வீச்சு உங்கள் வழக்கமானால் இங்கேயும் இரண்டுதான்.

அறிகுறி: ஒன்று தவறினால் அடுத்தடுத்தும் தவறுகிறது

தவறிய பந்து மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்துக்கு வந்துவிடுகிறீர்கள். எதிராளி ஆடும் நேரத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். ஏன் தவறியது என்று ஒரே வாக்கியத்தில் முடிவு கட்டுங்கள்: "எழுந்துவிட்டேன்", "சைடு கொடுத்தேன்", "சந்தேகத்தோடு அடித்தேன்". காரணம் தெரியவில்லையென்றால் "தெரியவில்லை" என்பதே அந்த வாக்கியம். அதன்பின் மேசையில் இப்போதுள்ள பந்துகளைப் பார்க்கத் தொடங்குங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வரும் முதல் பந்தும் இதே வகைதான். உடல் குளிர்ந்திருக்கும், கண் மேசைக்குப் பழகியிருக்காது. எழுந்ததும் மேசையை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு ஆடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தேன், பந்து வேறெங்கோ போனது

இது அபூர்வம், ஆனால் உண்டு. பந்துகள் தொடும் இடத்தில் சாக் துகள் ஒட்டியிருந்தால் அங்கே உராய்வு திடீரென்று கூடும். வெட்டிய பந்து மிகவும் குறைவாக வெட்டப்பட்டதுபோல் போய், வெள்ளைப் பந்தும் வழக்கத்துக்கு மாறாக எகிறும். வெள்ளைப் பந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நீலத் தீற்றல்கள் தெரியும். ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பந்துகளையும் துடைத்துவிடுங்கள். ஆனால் ஒரு மாலையில் இதை ஒருமுறைக்கு மேல் காரணமாகச் சொல்லத் தோன்றினால், மேலே உள்ள அறிகுறிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

இலக்குப் பந்தை மேசையின் நடுவில் வைத்து, மூலைப் பாக்கெட்டுக்கு நேர்க்கோட்டில் வெள்ளைப் பந்தை ஒரு கை நீளம் பின்னால் வையுங்கள். பத்து முறை அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் தாளில் இரண்டு குறி போடுங்கள். ஒன்று, பந்து விழுந்ததா. மற்றொன்று, நின்றபடி தீர்மானித்தது, கண்ணை நிறுத்தியது, அசையாமல் இருந்தது ஆகிய மூன்றும் முழுமையாக நடந்தனவா. இரண்டாவது குறியில் நேர்மை வேண்டும். பந்து விழுந்த ஷாட்டிலும் தலை எழும்பியிருந்தால் அங்கே குறி விழக் கூடாது.

இரண்டாவது வரிசையில் ஓட்டைகள் இருக்கும் வரை குறிபார்க்கும் முறையையோ க்யூவையோ மாற்றாதீர்கள். அந்த வரிசை நிரம்பியும் பந்துகள் தவறினால், அவை எந்தப் பக்கம் தவறுகின்றன என்று எழுதத் தொடங்குங்கள். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால் நடுக்கோட்டு வீச்சுச் சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம்.